நாளைக்கு நான் உன் காரில் ஏறுகிறேன்

என் ராசா,

நாளைக் காலை நான் உன் காரில் ஏறப் போகிறேன்! அதுவும் முன் சீட்டில்! இதை எழுதும்போதே எனக்குக் கை நிலைகொள்ளவில்லை. நீ வெளியே தெருவில் வாளியும் துணியுமாக நின்று அந்தச் சிவப்புக் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறாய். சன்னலால் பார்க்கிறேன். சக்கரத்தைத் துடைக்க நீ குந்தியிருக்கிற விதத்தைப் பார்த்தால், லெஸ்டருக்குப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளையாகவா தெரிகிறது? நாங்கள் லண்டன் பிளேஸ்டோவுக்குக் குடிவந்த வருடம் இதே நடைபாதையில் குந்தியிருந்து எறும்பு பார்த்த பொடியன்தான் எனக்குத் தெரிகிறான். அடுப்பில் சோறு கொதிக்கிறது. அது வடிகிற நேரத்துக்குள் எழுதி முடிப்பேன் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். என்னைத் தெரியும்தானே, முடியாது.

இதையெல்லாம் நேரில் சொல்ல வாய் இல்லையா என்று கேட்பாய். வாய் இருக்கிறது, அதுதானே பிரச்சினை. உன் காரில் ஏறும் ஆள் வழி முழுக்க வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். போட்டவளே அதை மீறினால் நீ மோட்டர்வேயில் வைத்து என்னைப் பார்த்துச் சிரிப்பாய், ரோட்டைப் பார்க்கமாட்டாய். அதனால் இங்கிருந்து லெஸ்டர் வரைக்கும் நான் சொல்லியிருக்கக்கூடிய அவ்வளவையும் இன்றைக்கே எழுதித் தீர்க்கிறேன். நான் திரும்பி வர கோச் பஸ் ஏறிய பிறகு, உன் புது அறையில் இருந்து ஆறுதலாக வாசி.

நீ டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணிய நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நான் மஞ்சள் கோட்டும் தொப்பியும் போட்டு, நுனியில் வட்டப் பலகை வைத்த அந்த நீளத் தடியோடு நடு ரோட்டில் வாகனங்களை மறித்து, பிள்ளைகளைக் கடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, ‘என்ரை அம்மா லொலிபொப் லேடி எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ’ என்று நீ அழுதது ஞாபகமா? அதே நீ அன்றைக்கு அந்த நீளத் தெரு முழுக்க ஓடிவந்து, அத்தனை பேருக்கும் முன்னால், “அம்மா! பாஸ்!” என்று கத்தினாய். எனக்குத் தலைகால் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் கடந்து போய்விட்டார்கள், நான் மட்டும் தடியோடு நடு ரோட்டிலேயே நிற்கிறேன். முன்னால் நின்ற வான்காரன் ஹார்ன் அடித்தான். என் பிள்ளை பாஸ் பண்ணிவிட்டான் என்று அவனுக்கும் சொன்னேன். அவன் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, உனக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் போனான்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் விசர் வேலை. கோட்டைக் கழற்றமுதலே போனை எடுத்தேன். பெரியம்மாவுக்குச் சொன்னேன், கோயிலில் சந்திக்கிற ஆட்களுக்குச் சொன்னேன், கடைக்காரருக்குச் சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? ‘என்ன தேவையெண்டாலும் கேளுங்கோ, தம்பி வருவான்’ என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு சொல் இருக்கிறதே, ‘ஒருக்கா’! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தையே நகர்த்துவார்கள். தம்பி, ஒருக்கா கடைக்குக் கொண்டேய் விடு. தம்பி, ஒருக்கா டொக்டரிட்டை. தம்பி, அந்த அக்காவையும் போற வழியிலை ஒருக்கா ஏத்திக்கொண்டு வா. ஒரு வாரத்துக்குள் உன்னை நான் ஊருக்கு வாடகைக்கு விடாத குறை. நீயும் சிரித்த முகத்தோடு ஓடினாய். ஏன் ஓடமாட்டாய், கார்த் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக் கிலுக்கிக்கொண்டு நடக்கிற வயது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்கு விளங்க வேண்டுமென்றால் எண்பதுகளுக்குப் போக வேண்டும். நாங்கள் மூன்று பேரும் ஹீத்ரோவில் வந்திறங்கியபோது உன் பெரியப்பா, அதாவது அப்பாவின் தமையன், ஒரு பழைய வெள்ளைக் காரில் கூட்டிப்போக வந்தார். தனியாக வந்தாரா? பெரியம்மா, அப்பாவின் தங்கச்சியான என் மச்சாள், பக்கத்து வீட்டு மனுசன் ஒருவர் என்று காரை நிறைத்துக்கொண்டு வந்தார். புது ஆட்களைப் பார்க்க ஆசையாம்! திரும்பும்போது நான் பின் சீட்டில், நீ என் மடியில், உன் மேல் ஒரு பை, அப்பாவின் மடியில் பெரிய சூட்கேஸ். ‘கொஞ்சம் நெருங்கி இருங்கோ, எல்லாரும் போகலாம்’ என்றார் பெரியப்பா. இந்தக் குளிர் நாட்டில் நான் கேட்ட முதல் அன்பான பேச்சு அதுதான். பிறகு அவர் வீட்டு மேலறையில்தான் எங்களுக்கென்று ஒரு வீடு கிடைக்கும்வரை இருந்தோம். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. இதை முதலில் எழுதிவைக்கிறேன், பின்னால் வரப்போகிற சண்டைக்கு அது வேண்டும்.

அந்த நாள்களில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். அதனால் கார் என்றால் அது ஒருவருடையது இல்லை, எல்லாருடையதும். வெறும் சீட்டோடு ஒருவர் கார் ஓட்டிப் போனால் அவரைப் பற்றி ஒரு கிழமைக்குக் கதைப்பார்கள். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? “பின்னுக்கு இருக்கிறவன் எங்கை பறந்து போகப் போறான்?” நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பெல்ட்டுக்கு ஒருவராக இருந்தால் மற்ற ஆட்களை எங்கே இருத்துவது என்பதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கவலை.

டூட்டிங் கதையை நீ யாருக்கும் சொல்வதில்லை. நான் எழுதுகிறேன். நீ லைசென்ஸ் எடுத்துச் சில வாரங்கள்தான். டூட்டிங்கில் சொந்தக்காரர் ஒருவருக்குப் புது வீடு குடிபூரல். அப்பா ஷிப்டில். ‘தம்பி இருக்கிறான்தானே’ என்று நானே எல்லாரையும் ஏற்றினேன். முன் சீட்டில் பெரியப்பா. பின்னால் நான், பெரியம்மா, மச்சாள், மச்சாளின் சிநேகிதி. மூன்று பெல்ட்டுக்கு நாலு பேர். போகும்போது பிளாக்வோல் சுரங்கப் பாதைக்குள்ளால் நீ ஓட்டிய வடிவைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திரும்பும்போதுதான் அது நடந்தது. அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு சந்தி. நீ நேரே போகத்தான் நின்றாய். பெரியப்பாவுக்குத் திடீரென்று ஒரு குறுக்கு வழி ஞாபகம் வந்துவிட்டது.

“தம்பி, சோத்துக்கைப் பக்கம்! சோத்துக்கைப் பக்கம் திருப்பு, கெதியா!”

நீ உடனே இடப் பக்கம் திருப்பினாய்.

“அது இல்லையடா! மற்றப் பக்கம், மற்றப் பக்கம்!” என்று பெரியப்பா. “ஐயோ, எங்கை போறாய்?” என்று பெரியம்மா. “நிப்பாட்டு!” என்று மச்சாள். “போ, போ, ஒண்டும் வரேல்லை!” என்றது யார்? நான்தான். பின் சீட்டில் நடுவில் நசுங்கிக்கொண்டு, ஒரு கண்ணாடியும் ஒழுங்காகத் தெரியாமல் இருந்த நான். தினமும் ரோட்டில் நின்று வாகனம் பார்ப்பவள் என்ற மிதப்பு எனக்கு. என் சொல்லைக் கேட்டு நீ ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்தாய். அடுத்த கணம் உன் முன் கண்ணாடி முழுக்க ஒரு சிவப்பு பஸ். அந்தப் பிரேக் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. பஸ் டிரைவரின் முகம் அவ்வளவு கிட்டத் தெரிந்தது, அவர் வாய் திறந்தபடி இருந்தது.

ஒன்றும் முட்டவில்லை. கடவுளே, ஒன்றும் முட்டவில்லை. நீ காரை ஓரமாக எடுத்து நிறுத்தினாய். பிறகு பெரியப்பா திரும்பி, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார், “எடேய், நீ எந்தக் கையாலை சோறு தின்னிறனி?”

நீ இடக்கையைத் தூக்கிக் காட்டினாய்.

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சின்ன வயதிலிருந்து நீ இடக்கையால் எழுதுகிறவன், இடக்கையால் சாப்பிடுகிறவன். முதலில் நான் மாற்றப் பார்த்து, நீ பட்டினி கிடக்க, அப்பா ‘விடும், வயிறுதானே நிரம்ப வேணும்’ என்று சொல்ல, விட்டுவிட்டேன். எங்களுக்குச் சோத்துக்கை என்றால் வலக்கை, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. உனக்கு உன் சோறு எந்தக் கையில் ஏறுகிறதோ அது. நீ செய்தது சரி. அந்தக் காரில் இருந்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் கையைப் பார்த்தேன். தூக்கிய கை கீழே இறங்கவில்லை. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. கதவில் சாய்ந்து நின்று சொன்னாய், “அம்மா, எல்லாரும் கத்தினீங்கள். உங்கட சத்தம்தான் கேட்டுது. பஸ்ஸை நான் காணேல்லை.” நீ எங்களைக் குற்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும். நீ நடந்ததைத்தான் சொன்னாய். அதனால்தான் அது எனக்குள் அப்படிப் போய் இறங்கியது.

அந்தக் கிழமை டொரொண்டோவிலிருந்து சின்னம்மா போன் எடுத்தாள். என் தங்கச்சி எப்போதும் தன் நாடுதான் பெரிது என்பாள், நான் எப்போதும் சண்டைக்குப் போவேன். அன்றைக்கு வாய் பொத்திக் கேட்டேன். அங்கே அவளுடைய மகளும் கார் பழகுகிறாளாம். ஆனால் ஒரே நாளில் முழு லைசென்ஸ் கொடுப்பதில்லையாம். படிப்படியாகத்தானாம். முதல் படியில் அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுச்சாமத்தில் ஓட்டக் கூடாது, பெரிய வேக ரோட்டில் ஏறக் கூடாது, காரில் எத்தனை பெல்ட் இருக்கிறதோ அத்தனை பேர்தான். அது ஒழுங்காகக் கழிந்தால் அடுத்த படி. “இஞ்சை பிள்ளையளை அரசாங்கமே பாத்துக்கொள்ளுது அக்கா” என்றாள் பெருமையாக. இங்கே என்ன நிலைமை? காலையில் டெஸ்ட் பாஸ் பண்ணினால், விரும்பினால் அன்றிரவே காரை நிறைத்துக்கொண்டு மோட்டர்வேயில் பறக்கலாம். போன வருடம் வந்த புதுச் சட்டம் ஒன்று இருக்கிறது, லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு குற்றப்புள்ளி விழுந்தால் லைசென்ஸ் பறிபோகும், திரும்ப எல் பலகையைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று. நல்ல சட்டம்தான். ஆனால் அது பிழை விட்ட பிறகு பிடிக்கிற சட்டம். எனக்குப் பிழைக்கு முன்னால் பிடிக்கிற சட்டம் வேண்டியிருந்தது. இந்த நாட்டு அரசாங்கம் போடாவிட்டால் என்ன, இந்த வீட்டு அரசாங்கம் போடட்டும் என்று முடிவெடுத்தேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னையும் அப்பாவையும் மேசையில் இருத்திச் சட்டத்தை அறிவித்தேன். முதலில் பகலில் மட்டும், எங்கள் சுற்றுவட்டாரத்துக்குள். பிறகு பின்னேரம். பிறகு அப்பாவோடு மோட்டர்வே. ஆறு மாதம் முடியும்வரை அப்பாவைத் தவிர வேறு ஒருவரும் காரில் ஏறக் கூடாது. அதற்குப் பிறகு ஏறுகிறவர்களும் வழியில் வாய் திறக்கக் கூடாது. நீ கொதித்தாய். “அம்மா, ஐ பாஸ்ட் தி டெஸ்ட்! எனக்குப் பதினெட்டு வயசு! அரசாங்கம் தந்த லைசென்ஸ்!” என்றாய். நான் என் தடி எங்கே என்று தேடுகிற அளவுக்குக் கோபத்தில் இருந்தேன். அப்பாதான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுசன், மெல்லச் சொன்னார், “தம்பி, அம்மா உன்னை மறிக்கேல்லை. எங்களைத்தான் மறிக்கிறா.” நீ என்னைப் பார்த்தாய். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் சொல்லும்வரை எனக்கே அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அதை அவரிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

அதற்குப் பிறகு போன் அடிக்கும் ஒவ்வொரு தரமும் எனக்குப் போர்க்களம். “தம்பியை ஒருக்கா அனுப்பிவிடுங்கோவன்.” இல்லை, ஏலாது. “ஏன், சுகமில்லையோ?” சுகமாக இருக்கிறான், சட்டம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. வயிற்று வலி என்று பொய் சொன்னால் மன்னிப்பார்கள். உண்மையைச் சொன்னால் மன்னிக்கமாட்டார்கள். மகன் லைசென்ஸ் எடுத்ததும் அவளுக்குத் தலைக்கனம் என்று கோயிலில் பின்னால் நின்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குக் கடவுளே தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

ஈஸ்ட்ஹாம் கல்யாணத்தில்தான் பெரிய சண்டை. நீ தனியாகக் காரில் வந்தாய், நான் அப்பாவோடு பஸ்ஸில் வந்தேன், அப்பா அங்கிருந்து வேலைக்குப் போய்விட்டார். சாப்பிட்டு முடிய நல்ல மழை. பெரியப்பாவின் கார் கராஜில். அவர் குடும்பத்தோடு வெளியே வந்து, நேரே உன் காருக்குப் போய்க் கதவுப் பிடியில் கையை வைத்தார். “தம்பி, ஒருக்கா எங்களைக் கொண்டேய் விடு.” நீ என்னைப் பார்த்தாய். மண்டப வாசலில் நின்ற ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கால் என்னைக் கேட்காமல் நடந்து போய்க் காருக்கு முன்னால் நின்றது. கையும் என்னைக் கேட்காமல் உயர்ந்து, உள்ளங்கை விரிந்து நின்றது, பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மாதிரியே. தடி மட்டும் இல்லை. மஞ்சள் கோட்டுக்குப் பதில் நான் உடுத்தியிருந்தது கூறைச் சேலை நிறத்தில் ஒரு பட்டு.

“ஏலாது அத்தான்.”

“என்ன பிள்ளை, என்ன ஏலாது?”

“ஆறு மாசத்துக்கு இவன்ரை காரிலை ஒருத்தரும் ஏறேலாது.”

பெரியப்பாவின் முகம் கறுத்துப்போனது. “நான் ஆரெண்டு தெரியுமோ? உங்களை ஹீத்ரோவிலை இருந்து ஏத்திக்கொண்டு வந்தவன் நான்.”

“ஓம் அத்தான். அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். ஆனா டூட்டிங்கிலை இவன் எங்கட சத்தத்தாலை பஸ்ஸைக் காணேல்லை. எங்களாலை இவன் செத்திருப்பான். நாங்களும்தான்.” அத்தனை பேர் முன்னால் அழுதேன், எனக்கு அதில் வெட்கமில்லை.

“அப்ப நீர் எதிலை போகப் போறீர்?”

“பஸ்ஸிலை. நானும் இதிலை ஏறேல்லை.”

சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். பின்னால் பார்க்கவில்லை, பார்த்தால் தோற்றுவிடுவேன். கொஞ்சத் தூரம் போயிருப்பேன், பின்னால் காப்புச் சத்தம். “நில்லும் பிள்ளை, நானும் வாறன்” என்று பெரியம்மா. அவவுக்குப் பின்னால் மச்சாள். கடைசியாகப் பெரியப்பா, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பட்டும் நகையுமாக ஒரு குடும்பமே பெரிய ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றது! பஸ்ஸில் மேல் மாடியில்தான் இடம் கிடைத்தது. நான் கடைசிச் சீட்டில் இருந்து பின் கண்ணாடியால் பார்த்தேன். உன் சிவப்புக் கார் பஸ்ஸுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. வைப்பர் ஆடுகிறது, உள்ளே நீ ஒருவன், மற்றச் சீட்டெல்லாம் வெறுமை. பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றபோது நீ பின்னால் நின்றாய். முந்திப் போக எவ்வளவோ இடமிருந்தும் நீ முந்தவில்லை, வீடு வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தாய். அதுவரை எந்தக் காரிலும் ஒரு வெறும் சீட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை. அன்றைக்குப் பட்டேன்.

அதோடு பெரியப்பா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். உனக்கும் எனக்கும் அந்தக் கோடை நல்லாத்தான் போயிற்று. பின்னேரம் ஓட்டலாம் என்று நான் அனுமதித்த அன்றைக்கு நீ ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ‘சூரியன் கண்ணுக்குள்ளை குத்தேக்கை என்ன செய்ய வேணும் எண்டு இப்பதான் விளங்குது’ என்றாய். மோட்டர்வேக்கு உன்னைக் கூட்டிப்போன அப்பா திரும்பி வந்து, “நல்லா ஓடுறான்” என்றார். இரண்டு சொல்! அவரிடமிருந்து அது பட்டமளிப்பு விழா மாதிரி. பிறகு ஆடி மாதத்தில் ஒரு நாள் நீ சிரித்துக்கொண்டு வந்தாய். சினிமா முடிந்து சிநேகிதர்கள் எல்லாரும் உன் காரைச் சுற்றி நின்று ஏறக் கேட்டார்களாம். நீ மாட்டேன் என்றாயாம். ஏன் என்று கேட்டார்களாம். “என்ரை அம்மா லொலிபொப் லேடி எண்டு சொன்னன். எல்லாரும் விளங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போயிட்டாங்கள்” என்றாய். எடேய், அதைச் சொல்லாதே என்று அழுத பிள்ளையடா நீ! நான் உள்ளே போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல், கொஞ்ச நேரம் அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? பெரியப்பா போன் எடுத்தார்! அவர் குரலைக் கேட்டு எத்தனை மாதம்.

“பிள்ளை, அந்தச் சட்டம் முடியுதாம் எண்டு கேள்வி.”

“ஓம் அத்தான். நாளண்டைக்கு முதல் ஆளா நான்தான் ஏறுறன். லெஸ்டருக்கு.”

“அப்ப நானும் ஒருக்கா வரட்டே? பின் சீட் வெறுமனேதானே கிடக்கும்.”

“பின் சீட்டிலை அவன்ரை படுக்கையும் சட்டி பானையும் அத்தான்.”

“கொஞ்சம் நெருங்கி இருக்கலாம்.”

“இருக்கலாம். ஆனா லெஸ்டர் போய்ச் சேரும்மட்டும் வாய் திறக்கேலாது. வழி சொல்லேலாது. சோத்துக்கை, மற்றக் கை ஒண்டும் சொல்லேலாது.”

“அப்ப நான் பஸ்ஸிலை போறது நல்லது” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியில், “அவன் கெட்டிக்காரன் பிள்ளை, அண்டைக்கு அவன் சரியாத்தான் திருப்பினவன்” என்று சொல்லிப் போனை வைத்தார். அதை உனக்கு நான் நேரில் சொன்னால் நீ தோளைக் குலுக்குவாய். அதனால் எழுதுகிறேன். அவர் சொன்னது உனக்குச் சேர வேண்டும்.

இனி என் புத்திமதி. அங்கே உனக்குப் புதுச் சிநேகிதர்கள் வருவார்கள். கார் வைத்திருக்கிற முதல் வருடப் பிள்ளையைத் தேடித்தேடி வருவார்கள். அவர்களும் ‘ஒருக்கா’ என்றுதான் கேட்பார்கள், தமிழில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஏற்றுவதென்றால் பெல்ட்டுக்கு ஒருவர். சத்தம் கூடினால் காரை ஓரமாக எடுத்து நிறுத்தி, அவர்கள் அடங்கும்வரை சும்மா இரு, நான் ரோட்டில் அப்படித்தான் செய்கிறேன், கத்துகிற பிள்ளைகளை நான் கடக்கவிடுவதில்லை. குடித்தவன் ஓட்டும் காரில் ஏறாதே. ஏறிவிட்டாய் என்றால் இறங்கு. எந்த நேரமென்றாலும் போன் எடு, அப்பா வருவார், ஒரு கேள்வியும் கேட்கமாட்டார், அந்த மனுசனுக்குக் கேட்கத் தெரியாது. நான் கேட்பேன், ஆனால் நீ வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு. வழி தெரியாவிட்டால் தெரியாமலே நேரே போ, பிறகு திரும்பி வரலாம். யாராவது திடீரென்று திருப்பு என்றால் திருப்பாதே. பெரியவர்கள் சொன்னாலும் திருப்பாதே. நான் சொன்னாலும் திருப்பாதே, ராசா. ஸ்டியரிங் பிடித்திருக்கிறவனுக்குத்தான் கண்.

சோறு வடித்தாயிற்று. நீயும் காரைக் கழுவி முடித்துவிட்டாய், இப்போது சும்மா அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாய், உனக்கும் நிலைகொள்ளவில்லை போல. நாளைக்கு வழியில் சாப்பிடச் சோறும் கறியும் கட்டுகிறேன். எந்தக் கையால் சாப்பிடுகிறாய் என்று பார்க்கமாட்டேன். எது உன் சோத்துக்கையோ அதுதான் இனி இந்த வீட்டில் உனக்குச் சோத்துக்கை.

ஒரேயொரு சலுகை மட்டும் தா. வழி முழுக்க வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், ஆனால் கார் புறப்படமுதல் ஒரு சொல் சொல்ல விடு. இத்தனை வருடமாக நில் என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இந்த ஆறு மாதமாக வீட்டிலும் உன்னிடம் நில், நில் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அது ‘கிளிக்’ என்று விழுந்த சத்தம் கேட்டதும், ரோட்டையும் பார்க்காமல், கண்ணாடியையும் பார்க்காமல், உன்னை மட்டும் பார்த்துச் சொல்லுவேன்:

“எடு, ராசா.”

அம்மா